வெளியூர்க்காரரின் உடலும் முழுப் பரிசோதனையும்: டாலிகஞ்சிலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

டாலிகஞ்ச் டிராம் டிப்போவிலிருந்து மெட்ரோ நிலையம் நோக்கி நடப்பவர் மருந்துக்கடைகளையும் இரத்தப் பரிசோதனைக் கூடங்களையும் கடக்காமல் போக இயலாது. அவற்றின் பலகைகளில் ‘அறுபது வயதுக்கு மேற்பட்டோருக்கான முழு உடல் பரிசோதனை’ என்னும் அறிவிப்பு ஏதேனும் ஒரு வடிவில் இருக்கும். அப்பரிசோதனைகளைச் செய்துகொள்வோரில், பணிநிமித்தம் கல்கத்தா வந்து ஓய்வுக்குப் பின்னும் இங்கேயே தங்கிவிட்ட தமிழர்களும் உண்டு. பெரும்பாலும் அவர்கள் அதைத் தாமாகக் கேட்டு வாங்குவதில்லை. பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்கும் பிள்ளைகள் கைபேசியில் பணம் கட்டிவிடுகின்றனர். காலை ஆறரை மணிக்கு ஓர் இளைஞர் ஊசியோடு வந்து வாசல் மணியை அழுத்துகிறார். மறுநாள் முடிவுகள் பிள்ளைக்கே முதலில் போய்ச் சேருகின்றன.

யாருடைய உடல், யாருக்காகச் சோதிக்கப்படுகிறது? குடிபெயர்வு வரலாற்றைப் படிப்பவன் என்ற முறையில் இக்கேள்வியே என்னை இந்தப் பதிவை எழுதத் தூண்டியது. நோயற்றவர்போல் இருக்கும் ஒருவரைப் பிடித்து நிறுத்தி, தலை முதல் கால் வரை பார்ப்பது மருத்துவத்தின் பழைய வழக்கமன்று. பழைய மருத்துவரிடம் நோயாளி தாமே வந்தார். நோயில்லாதவரைச் சோதிக்க வேண்டிய தேவை முதலில் எழுந்தது அவ்வுடலின் ஆயுள்மீது பணமோ பொறுப்போ வைத்திருந்த மூன்றாம் தரப்பினருக்கு. ஊர்விட்டு ஊர் வந்தவரின் உடலே அவர்களுக்கு மிகப் பெரிய ஐயப்பொருளாக இருந்தது.

இதற்கு இந்நகரத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. 1767இல் திறக்கப்பட்ட தென் பார்க் தெருக் கல்லறைத் தோட்டத்தில் கல்வெட்டுகளின் வயதுகளை மட்டும் வாசித்துக்கொண்டு நடந்தால் போதும். 1800இல் இறந்த ரோஸ் எய்ல்மருக்கு வயது 20. அந்நகரில் 1818இல் ஓரியண்டல் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. இந்திய மண்ணில் ஆயுள் காப்பீட்டின் தொடக்கமாக இதையே குறிப்பிடுவர். இங்கு வாழ்ந்த ஐரோப்பியரின் குடும்பங்களுக்காக, அதாவது அக்காலத்து வெளியூர்க்காரர்களுக்காக, அது ஏற்பட்டது. இந்தியரின் உயிரைக் காப்பீடு செய்ய இத்தகைய நிறுவனங்கள் தயங்கின. செய்தாலும் கூடுதல் தவணை கேட்டன. இந்திய உயிருக்கும் பொதுவான கட்டணமே போதும் என்ற நிலையைப் பம்பாய் மியூச்சுவல் நிறுவனம் 1870இல் தொடங்கி வைத்தது. காப்பீட்டுக்காரரின் மருத்துவர் நாடியைப் பிடித்தது நோயைத் தீர்ப்பதற்காக அன்று, தவணையைக் கணக்கிடுவதற்காக.

அரசுப் பணியிலும் இதே கணக்குதான். அதன் தீர்ப்பு ஒன்று தமிழரொருவரைக் கல்கத்தாவுக்கே கொண்டுவந்து சேர்த்தது. சி. வி. ராமன் இங்கிலாந்து சென்று மேற்படிப்போ ஆட்சிப்பணித் தேர்வோ மேற்கொள்ளும் வாய்ப்பு இருந்தபோது, அந்நாட்டுக் குளிரை அவர் உடல் தாங்காது என்று சென்னையின் அரசு மருத்துவர் கூறிவிட்டார். கப்பலேறத் தேவையில்லாத நிதித்துறைத் தேர்வை எழுதி, முதலிடம் பெற்று, 1907இல் தம் பதினெட்டாம் வயதில் கல்கத்தாவில் கணக்கு அதிகாரியானார். பௌபஜார் தெருவிலிருந்த அறிவியல் கழகத்தின் கதவை அவர் தட்டியதும் பின் நிகழ்ந்தவையும் அனைவரும் அறிந்தவை. 1921இல் அதே இங்கிலாந்துக்குப் போய் நலமாகத் திரும்பினார். 1970இல் 82 வயதில் மறைந்தார். மருத்துவரைக் குறைசொல்வது என் நோக்கமன்று. மெலிந்த பதினெட்டு வயது உடலிலிருந்து அறுபது ஆண்டுகளை வாசிக்கும் கருவி எவரிடமும் இல்லை. தீர்ப்பு மட்டும் எழுதப்பட்டாக வேண்டும்.

ராமனுக்குக் கிடைத்த மாற்றுவழி கூலித் தமிழர்க்குக் கிடைக்கவில்லை. தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல்வழி 1914இல் திறந்தபின், இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றோர் மண்டபம் முகாமில் நிறுத்தப்பட்டனர். இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது. அங்கே உடை கழுவப்பட்டது, அம்மை குத்தப்பட்டது, காலரா இல்லை என்று உறுதியாகும்வரை காத்திருக்க நேர்ந்தது. கல்கத்தாவின் கார்டன் ரீச் பகுதியில், ஹூக்ளிக் கரையோர டிப்போக்களில், மொரிஷஸுக்கும் டிரினிடாடுக்கும் ஃபிஜிக்கும் போனவர்களுக்கும் இதுவே நடந்தது. வளைகுடா வேலைக்குப் போகும் தமிழர் இன்று ‘மெடிக்கல் ஃபிட்’, ‘மெடிக்கல் அன்ஃபிட்’ என்று இரண்டே சொற்களில் ஒரு முழு வாழ்வைச் சுருக்கிச் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். அச்சொற்களுக்கு நூற்றாண்டைக் கடந்த வம்சாவளி உண்டு. தகுதியற்றவர் என்று திருப்பி அனுப்பப்பட்டவருக்கு என்ன நோய், அதற்கு எங்கே வைத்தியம் என்பது அம்மேசையின் கவலையாக இருந்ததில்லை.

சோதனையைச் சோதிக்கப்படுபவரின் பக்கமாகத் திருப்ப முயன்றவர் இலண்டன் மருத்துவர் ஹொரேஸ் டோபெல். மார்புநோய் மருத்துவமனையில் பணியாற்றிய அவர், எல்லோரும் குறித்த கால இடைவெளியில் தம்மைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று 1861இல் ஆற்றிய சொற்பொழிவுகளில் முன்மொழிந்தார். இன்றைய ‘முழுப் பரிசோதனை’யின் மூலம் அதுவே எனலாம். ஆனால் அவர் மனத்திலிருந்தது இன்றைய வடிவமன்று என்பதைக் கவனிக்க வேண்டும். குடும்ப வரலாறு, சொந்த வரலாறு, வாழ்க்கைமுறை ஆகியவற்றை விரிவாகக் கேட்டறிந்த பின்னரே உறுப்புகளைப் பார்ப்பது அவருடைய திட்டம். கேட்டல் முதலில், அளத்தல் பின்னர்.

அமெரிக்கா இதைத் தொழிலாக்கியது. 1913இல் நியூயார்க்கில் தொடங்கிய ஆயுள் நீட்டிப்பு நிறுவனம், மெட்ரோபாலிட்டன் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர்களைச் சோதித்தது. வாடிக்கையாளர் நெடுநாள் வாழ்ந்தால் நெடுநாள் தவணை வரும். 1922இல் அமெரிக்க மருத்துவச் சங்கமும் ஆண்டுச் சோதனையை ஆதரித்தது. ஜப்பானில் 1954இல் மருத்துவமனையில் தங்கிச் செய்துகொள்ளும் முழுச்சோதனை தோன்றியது. கடலோடிய கப்பலைத் துறையில் ஏற்றிப் பழுதுபார்ப்பதுபோல என்னும் பொருளில் அதற்கு ‘மனிதத் துறை’ என்று பெயரிட்டனர். நல்ல பெயர். நம்மிடம் ‘மாஸ்டர் ஹெல்த் செக்கப்’ என்னும் தொடரே நிலைத்தது. 1983இல் அப்போலோ சென்னையில் தொடங்கியதற்குப் பின் பெருகிய தனியார் மருத்துவமனைகளின் காலத்துச் சொல் அது.

பயன் உண்டா என்னும் கேள்விக்கு வருவோம். கனடா நாட்டுப் பணிக்குழு ஒன்று 1979இலேயே, அனைவருக்கும் ஒரே மாதிரியான ஆண்டுச் சோதனையைக் கைவிட்டு, வயதுக்கும் நோய்வாய்ப்புக்கும் ஏற்பத் தேர்ந்தெடுத்த சோதனைகளைச் செய்யலாம் என்றது. 2019இல் வெளிவந்த காக்ரேன் மறுஆய்வு, 15 பரிசோதனை ஆய்வுகளில் பங்கேற்ற 2,51,891 பேரின் தரவுகளைத் தொகுத்து, பொதுச் சோதனைகளால் இறப்பு விகிதம் குறைந்ததாகத் தெரியவில்லை என்ற முடிவுக்கு வந்தது. இதை மேற்கோள் காட்டி, முழுப் பரிசோதனை வீண் என்று எழுதுவோர் பலர். அவசரம் வேண்டா. முதியோருக்கென்றே நடத்தப்பட்ட ஆய்வுகளை அத்தொகுப்பு தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளவில்லை. எனவே எழுபது வயதுக்காரரிடம் அந்த முடிவை அப்படியே நீட்டுவது முறையாகாது. அதே மூச்சில், அறிக்கைத் தாளின் எண்களையும் அப்படியே நம்ப முடியாது. இயல்பு எல்லை என்பது பெரும்பாலும் நலமானவர்களில் 95 விழுக்காட்டினர் அடங்கும் எல்லை. ஒன்றையொன்று சாராத 20 அளவீடுகளைச் செய்தால், முழு நலமுள்ள ஒருவருக்கும் ஒன்றேனும் எல்லை தாண்டிவர 64 விழுக்காடு வாய்ப்புண்டு. 60 அளவீடுகள் என்றால் அது 95 விழுக்காடு. தொகுப்பில் எண்ணிக்கை கூடக்கூட விலையோடு நட்சத்திரக் குறிகளும் கூடுவது கணிதமே.

இவ்விடத்தில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவரைச் சொல்ல வேண்டும். தஞ்சைப் பக்கத்துக்காரர், மத்திய அரசுக் கணக்குத்துறையில் பணியாற்றியவர், வயது எழுபத்து நான்கு. டாலிகஞ்சில் தனியாக வாழ்கிறார். மகன் ஏற்பாடு செய்த பரிசோதனையில் அறுபதுக்கு மேற்பட்ட அளவீடுகள். மூன்றில் நட்சத்திரக் குறி. மகன் அங்கிருந்து ஒரு மருத்துவரிடம் காட்டி, மூன்றும் கவலைக்குரியன அல்ல என்று தெரிவித்தார். ஆனால் பெரியவர் அம்மாதத்தில் இரவில் குளியலறைக்குப் போகும்போது இருமுறை விழுந்திருந்தார். “சார், இதைச் சொல்லவில்லையா?” என்றேன். “கேட்டால்தானே சொல்வது? அந்தப் பையன் ரத்தம் எடுக்க வந்தான், எடுத்துக்கொண்டு போனான். பிள்ளையிடம் சொன்னால் டிக்கெட் போட்டுவிடுவான்” என்றார்.

தெருமுனையில் வீட்டின் முன்னறையையே மருத்துவ அறையாக்கி உட்காரும் முதிய வங்காளி மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். ‘பாடார் டாக்டர்’ என்று இந்நகரத்தார் சொல்லும், அருகிவரும் இனத்தைச் சேர்ந்தவர். ‘மாத்தா கோரே?’ என்று கேட்டார். தலை சுற்றுகிறதா என்பது பொருள். பெரியவர் இல்லையென்றார். பொய்யன்று. அவருக்கு நேர்ந்தது தலைசுற்றல் அன்று, கண்ணிருட்டல். எழுந்தவுடன் பார்வை கறுத்துப்போவதைத் தமிழில் அவர் துல்லியமாகச் சொன்னார். கிறுகிறுப்பு, தலைசுற்றல், மயக்கம், கண்ணிருட்டல் என்று நான்கையும் வேறுபடுத்தத் தெரிந்தவர் அவர். வங்காள மொழியிலும் கண்ணில் இருட்டுக் காண்பதற்கு வழக்கு இருக்கிறது. அவருக்குத்தான் அது கைவரவில்லை. சந்தைக்கும் அலுவலகத்துக்கும் வேண்டிய வங்காளம் நாற்பதாண்டுகளாக அவரிடம் உண்டு. உடலுக்கு வேண்டிய வங்காளம் இல்லை. நான் மொழிபெயர்த்ததும் மருத்துவர் அவரைப் படுக்கவைத்து இரத்த அழுத்தம் பார்த்தார். நிற்கவைத்து மூன்று நிமிடங்களுக்குள் மீண்டும் பார்த்தார். மேல் அளவு இருபதுக்குமேல் இறங்கியிருந்தது. இருபது இறங்கினாலே கவனிக்கத்தக்கது என்பது மருத்துவ வரையறை. இரவு மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றினார். அந்த அறுபது அளவீடுகளில் இவ்வொன்று இல்லை.

முதியோரைச் சோதிப்பது தனிக் கலை என்பதைத் தமிழ்நாடு முன்னரே அறிந்திருந்தது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978இல் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கியவர் வி. எஸ். நடராசன், சென்னை மருத்துவக் கல்லூரியில் அத்துறைக்கான மேற்படிப்பு 1996இல் வந்தது. விழுந்தீர்களா, என்னென்ன மாத்திரைகள் எடுக்கிறீர்கள், தனியாக இருக்கிறீர்களா, காது கேட்கிறதா என்பவையே அத்துறையின் சோதனைகள். இவற்றுக்கு ஊசி வேண்டியதில்லை. கேட்பவர் வேண்டும், கேட்பவருக்கு விளங்கும் மொழி வேண்டும்.

டாலிகஞ்சின் வங்காளிகள் தம் முழுப் பரிசோதனைக்கு எங்கே போகிறார்கள் என்பது இதன் மறுபக்கம். கணிசமானோர் வேலூருக்குப் போகிறார்கள். ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் விடுதிப் பலகைகள் வங்காள எழுத்தில் இருப்பதும், மீன்குழம்புச் சாப்பாட்டுக்கடைகள் இருப்பதும் அங்கே போனவர் கண்டதே. சென்ற நூற்றாண்டின் வங்காள நடுத்தர வர்க்கம் ‘ஹாவா பொதோல்’, அதாவது காற்று மாற்றம், என்று மதுபூருக்கும் கிரிடிக்கும் போனதன் இன்றைய வடிவமாகவே எனக்கு இது படுகிறது. வரலாறு படிப்பவருக்கு இவ்வழி வேறொன்றையும் நினைவூட்டும். 1806 ஜூலையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த பின்னர், அங்கே காவலில் இருந்த திப்பு சுல்தானின் மக்களைக் கம்பெனி அரசு கல்கத்தாவுக்கு அனுப்பி, இதே டாலிகஞ்சின் ரஸாபக்லாவில் குடியமர்த்தியது. பிரின்ஸ் அன்வர் ஷா சாலை என்னும் பெயர் அக்குடும்பத்தின் எச்சம். வேலூரிலிருந்து டாலிகஞ்சுக்கு வந்த முதல் வெளியூர்க்காரர்களின் ஆயுளையும் ஓர் அரசு ஓய்வூதியக் கணக்காகவே எண்ணிக்கொண்டிருந்தது.

வேலூர்க் கடைக்காரர்கள் ‘ஓம்போல்’ என்றால் நெஞ்சுக்கரிப்பு என்று அறிவார்கள். நோயாளிகள் வந்து வந்து கற்றுக்கொடுத்த சொல் அது. டாலிகஞ்சுத் தமிழர் எண்ணிக்கையில் சிலரே. அவர்களுடைய கண்ணிருட்டல் எந்தக் கடைக்காரரையும் எட்டவில்லை. பெரியவர் இப்போது ஒரு கோடுபோட்ட நோட்டில் தம் மாத்திரைகளையும் விழுந்த தேதிகளையும் தமிழில் எழுதுகிறார். எதிர்ப்பக்கத்தில் நான் வங்காளத்தில் எழுதித் தருகிறேன்.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய காப்பீட்டு மருத்துவப் படிவம், பணிச்சேர்க்கை உடற்தகுதிச் சான்று, மண்டபம் முகாமின் சீட்டு ஏதேனும் இருந்தால், பெயரை மறைத்துவிட்டுப் படமெடுத்து உட்பெட்டியில் அனுப்புங்கள். குறிப்பாக, ‘தகுதியற்றவர்’ என்று எழுதப்பட்டவை. அவைதான் எளிதில் கிழித்தெறியப்பட்டிருக்கும்.