தாத்தாவைவிட மூத்த லாரி: 'சான் தாய் வோங்' பார்த்திருக்கிறீர்களா?

சிங்கப்பூரில் ஒரு சரக்கு லாரிக்கு ஆயுள் 20 ஆண்டு. அதற்குப் பிறகு எவ்வளவு நல்லா ஓடினாலும் சாலையில் அதற்கு இடமில்லை.

கடற்பாலம் தாண்டித் தீபகற்ப மலேசியாவின் மலைக்காடுகளுக்குப் போனால் கதையே வேற. இரண்டாம் உலகப் போர்க்கால லாரிகளின் உடம்பை வைத்துச் செய்த வண்டிகள் அங்கே பல ஆண்டுகள் மரம் இழுத்தன. சில இன்னும் இழுக்கின்றன.

பெயர், சான் தாய் வோங். கேண்டனீஸ் மொழியில் 'மலைக்கு ராஜா'.

எங்கிருந்து வந்தது?

எந்தத் தொழிற்சாலையும் இந்தப் பெயரில் லாரி தயாரிக்கவில்லை. போரின்போது அமெரிக்காவின் ஜிஎம்சி 500,000க்கும் அதிகமான ஆறு சக்கர ராணுவ லாரிகளைச் செய்தது. கனடாவில் ஃபோர்டும் செவ்ரோலேயும் சேர்ந்து, பிரிட்டிஷ், காமன்வெல்த் படைகளுக்காக 400,000க்கும் மேல் செய்தன.

போர் முடிந்ததும் மிஞ்சிய ராணுவ லாரிகள் விற்பனைக்கு வந்தன. மலாயாவில் மரம் வெட்டும் தொழிலுக்கு அவை கச்சிதமாகப் பொருந்தின. உள்ளூர்ப் பட்டறைக்காரர்கள் வேண்டாததைக் கழற்றினார்கள். கூரை போச்சு, கதவு போச்சு. பின்னால் ஒரு பெரிய வின்ச் ஏறியது.

எப்படி வேலை செய்கிறது?

வெட்டிய மரத்தைப் புல்டோசர் காட்டுப்பாதை வரை இழுத்துவரும். லாரி பின்பக்கமாக வந்து நிற்கும். வின்ச்சிலிருந்து இரும்புக் கம்பிவடத்தை இழுத்து மரத்தில் கட்டுவார்கள். வின்ச் சுற்றச் சுற்ற, டன் கணக்கில் எடையுள்ள மரம் மெதுவாக லாரியின் முதுகில் ஏறும். கிரேன் வேண்டாம்.

பிறகு 'மத்தாவ்' எனப்படும் மரம் சேர்க்கும் இடத்துக்குப் போகும். அங்கிருந்து சாலை லாரிகள் எடுத்துச் செல்லும். மலைராஜாவின் ராஜ்யம் அத்தோடு முடிந்தது.

இத்தனை காலம் எப்படித் தாங்கியது?

சேற்றிலும் பள்ளத்திலும் ஓடவே பிறந்த லாரி. தடிமனான சேஸி, இயந்திர சக்தி பல சக்கரங்களுக்கும் போகும் அமைப்பு, மிக மெதுவாக இழுக்கும் கியர். கணினி கிடையாது, சென்சார் கிடையாது. உடைந்தால் வெல்டிங், தேய்ந்தால் லேத்.

பழைய பெட்ரோல் இன்ஜின் போய், ஜப்பானிய டீசல் இன்ஜின் வந்தது. கியர்பாக்ஸ் வேறொரு லாரியிலிருந்து வந்திருக்கும். முகம் ஒரு நாடு, இதயம் ஒரு நாடு!

அப்படின்னா இது இன்னும் பழைய லாரிதானா? ஆர்வலர்கள் விடாமல் வாதாடும் கேள்வி இது. அருங்காட்சியகத்தில் நிற்கும் லாரியில் எல்லாப் பாகமும் அசலாக இருக்கலாம். ஆனால் அது ஒரு கட்டையைக்கூட இழுப்பதில்லை. என் ஓட்டு மலைராஜாவுக்கே.

ரசிக்க மட்டும்தானா?

இல்லை. ஈரமான செம்மண் சரிவில், முதுகில் மரத்துடன், பழைய பிரேக்கை நம்பி இறங்குவது உயிரோடு விளையாடும் வேலை. காணொளியில் பார்க்கும் நமக்கு அது சாகசம், ஓட்டுபவருக்கு அது சம்பளம்.

காட்டுக்கும் விலை உண்டு. இந்த லாரி மரத்தை நெருங்க, பாதை வெட்ட வேண்டும். பாதை அதிகமானால் மழையில் மண் கரைந்து ஓடையில் சேரும். அதனால் எக்ஸ்கவேட்டரில் நீண்ட கம்பிவடம் பொருத்தி, தூரத்திலிருந்தே மரத்தை இழுக்கும் முறை வந்தது. மலைராஜாவின் வேலையை அது கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்கிறது. லாரி ரசிகர்களுக்கு வருத்தம்தான், ஆனால் காட்டுக்கு அது நல்லது.

நேரில் பார்க்கலாமா?

மலேசியாவில் நிரந்தர வனப் பகுதிக்குள் நுழைய வனத்துறையின் அனுமதி வேண்டும். மரம் வெட்டும் இடத்துக்குச் சும்மா எட்டிப் பார்க்கப் போகாதீர்கள்.

படங்களில் தேடுங்கள். மூக்கு நீளமாக இருந்தால் ஜிஎம்சி வம்சமாக இருக்கலாம். மூக்கு சப்பையாக, முன்கண்ணாடியின் மேல்பக்கம் முன்னோக்கிச் சாய்ந்திருந்தால் அநேகமாகக் கனடா லாரி. வெயில் பட்டுக் கண்ணாடி மின்னி, எதிரி விமானத்துக்குக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று வைத்த சாய்வு அது.