விசேட கல்வி நம் நாட்டுக்கு வந்த வழி



தரம் 1 அனுமதிக் காலம். "இந்தப் புள்ளைய இங்க சேர்க்க ஏலா, விசேட பாடசாலைக்குக் கொண்டு போங்க" என்ற பதில் இந்த முறையும் சில உம்மாமாருக்குக் கிடைத்திருக்கிறது. அந்தப் பதிலுக்கு நூறு வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

1912இல் மேரி சாப்மன் என்ற ஆங்கிலேய மிஷனரி, செவிப்புலன், விழிப்புலன் அற்ற பிள்ளைகளுக்கு இங்கே பாடசாலை தொடங்கினார். அதுதான் பின்னர் இரத்மலானையில் நிலைத்தது. வடக்கில் கைதடி நஃபீல்ட் பாடசாலை 1956இல் வந்தது. பிரெயில் படித்து சொந்தக் காலில் நின்றவர்கள் அங்கிருந்து வந்தார்கள். அந்தச் சேவையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தூரத்து ஊர்ப் பிள்ளை படிக்க வேண்டுமென்றால் உம்மாவை விட்டு விடுதிக்குப் போகவேண்டும். போகாத பிள்ளை வீட்டோடு முடங்கியது.

1960களின் பிற்பகுதியில்தான் விழிப்புலனற்ற பிள்ளைகளைச் சாதாரண பாடசாலைகளில் சேர்க்கும் முயற்சி தொடங்கியது. பிறகு விசேட கல்வி அலகுகள். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காட்டி எந்தக் கல்வி நிறுவனத்திலும் அனுமதியில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. (பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் பாங்கு சொன்ன மார்க்கம் நம்முடையது. நமக்கும் சட்டம் வந்துதான் சொல்ல வேண்டியிருந்தது!)

மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதோடு வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரைப் போய்ச் சந்தியுங்கள்.