பாதியில் நிற்கும் ஏணி

அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரியில் இரண்டாண்டு முடித்தவர் பல்கலைக்கழகத்தில் மூன்றாமாண்டு சேரலாம். அந்த மாதிரி 1995-இல் புதுச்சேரிக்கும், மறு ஆண்டு சென்னைக்கும் வந்தது. அதைப் பரப்பிய பாதிரியார் சேவியர் அல்போன்ஸ், படிப்பை விட்டு நின்ற தலித், பழங்குடி, குடிசைப்பகுதிப் பிள்ளைகளைத்தான் மனதில் வைத்திருந்தார். ஆனால் இங்கே தொழிற்பயிற்சி வேரூன்றியது. மேலே போகும் வழி வரவில்லை. மூட்டை தூக்குபவர் மகனுக்கு ஏ.சி. மெக்கானிக் வேலை போதும் என்று யாரும் சட்டம் எழுதவில்லை. எழுதாமலே நடந்தது.

2009-இல் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இணைப்பட்டம் தந்து அந்தக் கதவைத் திறந்தது. சில ஆண்டுகளில் அத்திட்டம் முடங்கியது. 2013-இல் யுஜிசி தன் பங்குக்கு ஒரு திட்டம் போட்டது.

அதே 2009 ஆகஸ்டில் வந்தது தமிழக அரசின் 107-ஆம் எண் அரசாணை. பத்தாவது, பிளஸ் டூ முடித்த பிறகு பெற்ற பட்டம்தான் அரசு வேலைக்குச் செல்லுமாம். பத்தாவதோடு துறைமுகத்துக்கோ எண்ணூர் ஒப்பந்த வேலைக்கோ போய், இரவில் படித்து, திறந்தநிலைப் பட்டம் வாங்கியவர் கையில் இருப்பது என்ன, வெறும் காகிதமா?

பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்தவரைப் பொறியியல் இரண்டாமாண்டில் நேரடியாகச் சேர்க்கிறது இதே அரசு. ராயபுரத்துப் பெண் சமுதாயக் கல்லூரி டிப்ளமோவோடு வந்து அரசுக் கலைக் கல்லூரியில் இரண்டாமாண்டு கேட்டால் மட்டும் ஏன் முடியாது?