ரிவர்ஸ் லைட்டின் கதை

ஹெட்லைட் எரியவில்லை என்றால் அன்றைக்கே கடைக்கு ஓடுவார்கள். இண்டிகேட்டர் எரியவில்லை என்றால் பின்னால் வருகிறவர் திட்டி ஞாபகப்படுத்துவார். ஆனால் ரிவர்ஸ் லைட் எரியாமல் போனால் வண்டிக்காரருக்கே பல மாதம் தெரியாது! அவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், விளக்கோ பின்னால் இருக்கிறது. அது எரியாததால் வரும் ஆபத்தும் அவருக்கில்லை. வண்டிக்குப் பின்னால் நிற்கும் குழந்தைக்கும் பெரியவருக்கும்தான். இந்தச் சின்ன விளக்குக்கும் ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது.

விளக்கு வந்த வழி

ஆரம்பகால மோட்டார் கார்களில் மின்விளக்கே கிடையாது. கார்பைடில் தண்ணீர் சொட்டவிட்டு, அதில் வரும் அசிட்டிலின் வாயுவைக் கொளுத்தித்தான் வெளிச்சம் உண்டாக்கினார்கள். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912-ஆம் வருட கேடிலாக் காரில் வந்தது. அதோடு பேட்டரியும் டைனமோவும் காருக்குள் குடியேறின. ரிவர்ஸ் லைட்டைப் பொருத்திய முதல் காராக 1921-இல் வந்த அமெரிக்காவின் வில்ஸ் செயின்ட் கிளேரைச் சொல்வது வழக்கம். ஆனாலும் ரொம்ப காலத்துக்கு அது காசு கொடுத்து வாங்கும் ஆடம்பரமாகவே இருந்தது. அமெரிக்காவில் அது கட்டாயமானது 1960-களின் கடைசியில்தான்.

நம் ஊரில்? இங்கே பல காலம் மனிதர்களே ரிவர்ஸ் லைட்டாக இருந்தார்கள். லாரி என்றால் கிளீனர் இறங்கி, பக்கவாட்டில் தட்டிக்கொண்டே "வா... வா... வா..." என்பார். பஸ் என்றால் கண்டக்டரின் விசில். இந்த ஏற்பாட்டில் ஃபியூஸ் போகாது, பல்பு போகாது!

பாடிக்கு வந்த லூகாஸ்

இந்தியக் கார்களின் மின்சார வரலாற்றில் தவிர்க்க முடியாத பெயர் லூகாஸ். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 19-ஆம் நூற்றாண்டில் ஜோசப் லூகாஸ் தொடங்கிய விளக்கு வியாபாரம், பிரிட்டிஷ் கார்களுக்கெல்லாம் மின்சாதனம் கொடுக்கும் பெரிய கம்பெனியாக வளர்ந்தது. அந்தக் கார்களை வைத்திருந்தவர்கள், விளக்கு அடிக்கடி அணைந்துபோகிறதே என்று அவருக்கு 'இருட்டின் இளவரசர்' என்று கேலிப் பெயரே வைத்துவிட்டார்கள்!

1957-இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வெளியிட்ட அம்பாசடர், மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் காரின் வாரிசு. 1961-இல் டி.வி.எஸ். குழுமமும் லூகாஸும் சேர்ந்து லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கின. சென்னை பாடியில் அந்தத் தொழிற்சாலை இருக்கும் இடத்தை இன்றும் மக்கள் 'லூகாஸ்' என்றே சொல்கிறார்கள். ஒயருக்கு நிறம் வைக்கும் முறையும் பிரிட்டிஷ்காரர்களுடையதுதான். அந்த முறையில் கறுப்பு என்றால் எர்த். பச்சையில் பழுப்புக் கோடு ஓடினால் அது ரிவர்ஸ் லைட் ஒயர். நிறம் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

பற்றும் வரவும்

கார் மின்சாரம் கணக்குப் புத்தகம் மாதிரி. போனது திரும்பி வந்தே ஆக வேண்டும். பேட்டரியிலிருந்து கிளம்பும் மின்சாரம் இக்னிஷன் சாவி, ஃபியூஸ், கியர்பாக்ஸில் இருக்கும் ரிவர்ஸ் சுவிட்ச், நீளமான ஒயர் எல்லாம் தாண்டி பல்புக்குப் போகிறது. அங்கிருந்து வண்டியின் இரும்பு உடம்பு வழியாகவே பேட்டரிக்குத் திரும்புகிறது. இதற்குத்தான் பாடி எர்த் என்று பெயர். கணக்கு எந்த இடத்தில் இடிக்கிறது என்று பார்ப்பதுதான் பழுது கண்டுபிடிப்பது.

இரண்டு விளக்கும் எரியவில்லையா? இரண்டு பல்பும் ஒரே நாளில் போவது அபூர்வம். ஆகவே இரண்டுக்கும் பொதுவான ஃபியூஸ், சுவிட்ச் ஆகியவற்றை முதலில் சந்தேகப்பட வேண்டும். ஒன்று மட்டும் எரியவில்லையா? அந்தப் பக்கத்து பல்பு, ஹோல்டர், எர்த். மங்கலாக எரிகிறதா? ரிவர்ஸ் போட்டால் பக்கத்தில் இருக்கும் வேறு விளக்கும் லேசாக மினுக்குகிறதா? அநேகமாக எர்த் கெட்டிருக்கும். திரும்பும் வழி அடைபட்ட மின்சாரம் பக்கத்து பல்பு வழியாக வழி தேடுகிறது.

1923-இல் இங்கிலாந்தில் ஏவோ மீட்டர் வந்தது. ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றையும் ஒரே பெட்டியில் அளக்கும் கருவி. இன்றைய மல்டிமீட்டர்களுக்கு அதுதான் தாத்தா. இருந்தாலும் நம்மூர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் பல்பும் இரண்டு ஒயரும் சேர்ந்த டெஸ்ட் லேம்பைக் கைவிடவில்லை. இதை வெறும் பழக்கம் என்று நினைத்தால் தப்பு. 21 வாட் பல்பு 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் இழுக்கும். மீட்டரோ கிட்டத்தட்ட ஒன்றுமே இழுக்காது. அதனால் பல்பைக் கழற்றிவிட்டு அளந்தால், அரித்துப்போய் ஒற்றை இழையில் தொங்கும் ஒயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டிவிடும். டெஸ்ட் லேம்ப் அப்படி ஏமாறாது. அதை எரிய வைக்க நிஜமாகவே மின்சாரம் ஓட வேண்டும். பல்பை மாட்டி, ரிவர்ஸ் கியர் போட்டு, விளக்கு எரிய வேண்டிய நிலையிலேயே அளந்தால் மீட்டரும் உண்மையைச் சொல்லும்.

உப்புக்காற்று ஊர்

பூரணாங்குப்பம் மாதிரி ஊர்களில் இந்தப் பிரச்சினை இன்னும் ஒரு படி மேலே. புதுச்சேரி–கடலூர் சாலையிலிருந்து கிழக்கே, கடல் பக்கம் இருக்கும் ஊர் அது. உப்புக்காற்றில் செம்பு ஒயர் சீக்கிரமே பச்சைக் களிம்பு ஏறிவிடும். ஆணவ மலத்துக்கு உவமையாகச் சைவ சித்தாந்தம் சொன்ன அதே செம்புக் களிம்புதான்! வீட்டுச் செம்பென்றால் புளி போட்டுத் தேய்க்கலாம். பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் ஒயரை என்ன செய்வது? வெளியே பார்த்தால் புதுசு, உள்ளே பொடி. பின்பக்க விளக்குகளோ மழை, சேறு எல்லாம் தெறிக்கும் இடத்தில் இருப்பவை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. அடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் பாகூர் பக்கத்து ஊர்களுக்குள்ளும் புகுந்தது. இப்படித் தண்ணீரில் நின்ற வண்டி உடனே ஸ்டார்ட் ஆகிவிடலாம். ஆனால் கனெக்டருக்குள் தங்கிய ஈரம் மெதுவாகத்தான் வேலையைக் காட்டும். வெள்ளம் வடிந்து பல மாதம் கழித்து வரும் பழுதை யாரும் வெள்ளத்தோடு சேர்த்து யோசிப்பதில்லை.

ஒரே ஒயரில் தொங்கும் கூட்டம்

அப்புறம் ரிவர்ஸ் ஹாரன் வந்தது. தெருவுக்குத் தெரு கார்கள் பின்னால் வரும்போது பாட்டுப் பாடிய காலம் பலருக்கும் நினைவிருக்கும். அந்த ஹாரனுக்கு மின்சாரம் எங்கிருந்து? ரிவர்ஸ் லைட் ஒயரைச் சீவி, அதில் இன்னொரு ஒயரை முறுக்கி, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றினார்கள். வெயிலில் டேப்பின் பசை இளகும். காற்றும் ஈரமும் உள்ளே போகும். களிம்பு ஏறும். பாட்டும் போச்சு, விளக்கும் போச்சு.

உலகத்தில் இது விளையாட்டு விஷயமாக இல்லை. அமெரிக்காவில் 2002-இல் தன் வீட்டு வாசலிலேயே பின்னால் வந்த கார் ஏறி இறந்த 2 வயதுக் குழந்தை கேமரன் கல்பிரான்சனின் பெயரில் 2008-இல் சட்டம் வந்தது. அதன் விளைவாக 2018 மே முதல் அங்கே புதுக் கார்களில் பின்பக்கக் கேமரா கட்டாயம். இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் புதுக் கார்களுக்கு ரிவர்ஸ் பார்க்கிங் சென்சார் கட்டாயமானது.

ஆனால் கடையில் பிற்பாடு பொருத்தும் சென்சார், கேமரா பலவும் "வண்டி பின்னால் போகிறது" என்ற தகவலை அதே ரிவர்ஸ் லைட் ஒயரிலிருந்துதான் எடுக்கின்றன. அந்த ஒரு ஒயர் அரித்தால் விளக்கு, சத்தம், படம் மூன்றும் ஒன்றாகப் போய்விடும். புது மாடல் கார்களில் நிலைமை வேறு. பாஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்திய கேன் முறையில் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசி விளக்கை எரிய வைக்கின்றன. இந்த வண்டிகளில் டெஸ்ட் லேம்பைக் கண்ட இடத்தில் வைத்தால் எலக்ட்ரானிக்ஸ் பாழாகலாம். நூறு ரூபாய் வேலை ஆயிரக்கணக்கில் போய் நிற்கும்.

இத்தனை மாற்றத்துக்குப் பிறகும் மாறாதது ஒன்று உண்டு. ரிவர்ஸ் லைட் எரிகிறதா என்று ஓட்டுநர் இருக்கையிலிருந்து நேராகப் பார்க்க முடியாது. இருட்டிய பிறகு ஒரு சுவருக்கு முன்னால் வண்டியின் பின்பக்கம் இருக்கும்படி நிறுத்தி, பிரேக்கை அழுத்திக்கொண்டு ரிவர்ஸ் கியர் போட்டால் போதும். சுவரில் இரண்டு வெள்ளை வெளிச்சம் விழுகிறதா என்று கண்ணாடியில் தெரிந்துவிடும். (சில கார்களில் ஒரு விளக்குதான் இருக்கும், அது பழுதில்லை.) மாதம் ஒரு தடவை, ஒரு நிமிஷ வேலை. செலவு ஒன்றுமில்லை. பின்னால் நிற்கப்போவது யாருடைய குழந்தையாக வேண்டுமானாலும் இருக்கலாம்.