கார்னிவல் ஆஃப் சோல்ஸ் (திரைப்படம்)

கார்னிவல் ஆஃப் சோல்ஸ் (பொருள்: ஆன்மாக்களின் களியாட்டம்) 1962 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் வெளிவந்த கறுப்பு வெள்ளைத் திகில் திரைப்படம் ஆகும். ஹெர்க் ஹார்வி இதனைத் தயாரித்து இயக்கினார். ஜான் கிளிஃபோர்ட் திரைக்கதை எழுதினார். கேண்டேஸ் ஹில்லிகாஸ் முதன்மை வேடத்தில் நடித்தார். ஏறத்தாழ 33,000 டாலர் செலவில், மூன்று வாரங்களில் படமாக்கப்பட்ட இப்படம் வெளியானபோது கவனிப்பாரற்றுப் போனது. பதிப்புரிமைக் குறிப்பு விடுபட்டதால் பொது உரிமைப் பரப்பில் சேர்ந்து, பின்னிரவுத் தொலைக்காட்சி ஒளிபரப்புகள் மூலம் பரவி, 1989 இல் மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தது. படத்தைத் தயாரித்தவர்களுக்கு இழப்பை ஏற்படுத்திய அதே குறைபாடு படம் அழியாமல் நிலைத்திருக்கவும் காரணமாயிற்று. புறக்கணிக்கப்பட்ட பழைய வகைப்படங்களை இரசிகர்களே மீட்டெடுத்த வரலாற்றில் இப்படம் அடிக்கடி சுட்டப்படும் எடுத்துக்காட்டாக விளங்குகிறது.

நடிகர்கள்

* கேண்டேஸ் ஹில்லிகாஸ் - மேரி ஹென்றி
* சிட்னி பெர்கர் - ஜான் லின்டன்
* பிரான்செஸ் ஃபீஸ்ட் - வீட்டு உரிமையாளர் திருமதி தாமஸ்
* ஸ்டான் லெவிட் - மருத்துவர் சாமுவேல்ஸ்
* ஆர்ட் எலிசன் - தேவாலயப் போதகர்
* ஹெர்க் ஹார்வி - வெளிறிய முகமுடைய மனிதன்

கதைச்சுருக்கம்

(எச்சரிக்கை: இப்பகுதியில் படத்தின் முடிவு கூறப்பட்டுள்ளது.)

மேரி ஹென்றி இரண்டு தோழியருடன் செல்லும் கார், இளைஞர்கள் ஓட்டி வரும் மற்றொரு காருடன் பந்தயத்தில் இறங்குகிறது. ஒரு மரப்பாலத்தில் நிலை தடுமாறி, கலங்கிய ஆற்றில் விழுந்து மூழ்குகிறது. மீட்புக் குழுவினர் தேடிக் கொண்டிருக்கையில், சில மணி நேரத்திற்குப் பின் மேரி மட்டும் சேறு படிந்த உடையுடன் கரையேறுகிறாள். எவ்வாறு உயிர் தப்பினாள் என்பது அவளுக்கு நினைவில்லை.

ஆர்கன் இசைஞரான மேரி, யூட்டா மாநிலத்தில் ஒரு தேவாலயத்தில் வேலை ஏற்கப் புறப்படுகிறாள். இரவில் காரோட்டிச் செல்லும்போது கண்ணாடியில் வெளிறிய முகமுடைய ஒரு மனிதன் தோன்றுகிறான். அதே பயணத்தில், ஏரிக்கரையில் கைவிடப்பட்டு நிற்கும் பெரிய களியாட்ட மண்டபம் ஒன்று காரணம் விளங்காமல் அவளை ஈர்க்கிறது. புதிய ஊரில் அவ்வப்போது ஒலிகள் அனைத்தும் நின்று போகின்றன; அவள் பேசுவது எவருக்கும் கேட்பதில்லை, அவள் எதிரில் நிற்பதும் தெரிவதில்லை. தேவாலயத்தில் தன்னை மறந்து அவள் இசைக்கும் விபரீத இசையைக் கேட்ட போதகர் அவளைப் பணியிலிருந்து நீக்குகிறார்.

இறுதியில் மண்டபத்திற்குச் செல்லும் மேரி, அங்கே இறந்தோர் நடனமாடுவதையும், அந்த வெளிறிய மனிதனுடன் தானே ஆடிக்கொண்டிருப்பதையும் காண்கிறாள். தப்பி ஓடும் அவளை அவர்கள் துரத்துகின்றனர். மறுநாள் கரையில் அவளுடைய காலடித் தடங்கள் பாதியில் முடிந்திருக்கின்றன. ஆற்றிலிருந்து மீட்கப்படும் காருக்குள் தோழியருடன் மேரியின் உடலும் இருக்கிறது.

உருவாக்கம்

ஹெர்க் ஹார்வி, கன்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில் 1947 இல் தொடங்கப்பட்ட சென்ட்ரான் நிறுவனத்தில் இயக்குநராகப் பணியாற்றினார். பள்ளிகளுக்கான கல்விப் படங்களையும் தொழிற்சாலைகளுக்கான பயிற்சிப் படங்களையும் தயாரித்த நிறுவனம் இது. ஜான் கிளிஃபோர்டும் அங்கே எழுத்தாளராக இருந்தவர். குறைந்த செலவில், சிறு குழுவுடன், குறித்த நாளில் படத்தை முடிப்பது இவர்களுக்கு அன்றாடத் தொழில்.

கலிபோர்னியாவிலிருந்து கன்சாசுக்குக் காரில் திரும்பும் வழியில், யூட்டாவின் பெரும் உப்பு ஏரிக்கரையில் கைவிடப்பட்டிருந்த சால்ட்டேர் மண்டபத்தை ஹார்வி மாலை வெளிச்சத்தில் கண்டார். அந்த இடத்தை வைத்து ஒரு கதை எழுதுமாறு கிளிஃபோர்டைக் கேட்டுக் கொண்டார். இறந்தோர் அம்மண்டபத்தில் நடனமாட வேண்டும் என்பதே அவர் விதித்த முதன்மை நிபந்தனை. எனவே இப்படத்தில் இடமே முதலில் தோன்றியது, கதை பின்னர் வந்தது.

உள்ளூர் வணிகர்களிடமிருந்து முதலீடு திரட்டப்பட்டது. குழுவினரின் ஊதியத்தில் ஒரு பகுதி, படம் வருவாய் ஈட்டிய பின் தருவதாக ஒத்தி வைக்கப்பட்டது. ஹார்வி தமது அலுவலகத்தில் மூன்று வார விடுப்பு எடுத்துக்கொண்டு படப்பிடிப்பை நடத்தினார். நியூயார்க்கில் நடிப்புப் பயிற்சி பெற்ற ஹில்லிகாஸ் தவிர, நடித்தவர்களுள் பெரும்பாலோர் அப்பகுதியைச் சேர்ந்தவர்கள். செலவைக் குறைக்கவே வெளிறிய மனிதனின் வேடத்தை இயக்குநரே ஏற்றார். ஆர்கன் தொழிற்சாலைக் காட்சி, லாரன்ஸ் நகரின் ரூட்டர் ஆர்கன் நிறுவனத்தில் எடுக்கப்பட்டது. மாரிஸ் பிரேதர் ஒளிப்பதிவு செய்தார்.

ஜீன் மூர் அமைத்த இசை ஆர்கன் ஒன்றை மட்டுமே கொண்டது. கதைத்தலைவி வாசிக்கும் கருவியும் படத்தின் பின்னணி இசைக் கருவியும் ஒன்றே ஆனதால், கேட்கும் இசை அவள் வாசிப்பதா, அவளுக்கு மட்டும் கேட்பதா, பார்வையாளருக்கானதா என்ற எல்லை பல இடங்களில் மறைந்துவிடுகிறது.

சால்ட்டேர் மண்டபம்

சால்ட்டேர் முதன்முதலில் 1893 இல் ஏரிக்குள் தூண்கள் நாட்டிக் கட்டப்பட்ட குளியல் மற்றும் நடன மண்டபம் ஆகும். முதல் கட்டடம் 1925 இல் தீக்கிரையானது. மீண்டும் கட்டப்பட்ட மண்டபம், ஏரி நீர் பின்வாங்கியதாலும் வருவோர் குறைந்ததாலும் 1958 இல் மூடப்பட்டது. பெரும் உப்பு ஏரியின் நீர்மட்டம் 1963 இல் அதுவரை பதிவான மிகக் குறைந்த அளவைத் தொட்டது. படத்தில் மண்டபத்தைச் சுற்றித் தண்ணீருக்குப் பதில் வறண்ட வெளி தெரிவதற்கு இதுவே காரணம். இக்கட்டடமும் 1970 இல் எரிந்து போனது. 1981 இல் அருகில் வேறொரு கட்டடம் எழுப்பப்பட்டது. ஆகவே இப்படம், மறைந்து போன ஒரு கட்டடத்தின் ஆவணமாகவும் பயன்படுகிறது.

வெளியீடும் இழப்பும்

இப்படம் 1962 செப்டம்பரில் லாரன்ஸ் நகரில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. ஹெர்ட்ஸ்-லயன் என்ற நிறுவனம் விநியோக உரிமையைப் பெற்று, நீளத்தைக் குறைத்து, தி டெவில்ஸ் மெசஞ்சர் என்ற மற்றொரு படத்துடன் இணைத்து ஒரே நுழைவுச்சீட்டில் இரு படங்களாகத் திரையிட்டது. திறந்தவெளிக் கார் திரையரங்குகளில் இவ்வாறு ஓடிய படங்களை நாளிதழ் விமர்சகர்கள் பெரும்பாலும் பார்ப்பதில்லை. விநியோக நிறுவனம் விரைவில் நொடித்துப் போனதால், ஹார்விக்கும் முதலீட்டாளர்களுக்கும் வரவேண்டிய பணம் வந்து சேரவில்லை. ஹார்வி சென்ட்ரான் பணிக்கே திரும்பினார். அதன்பின் அவர் முழுநீளக் கதைப்படம் எதையும் இயக்கவில்லை.

பொது உரிமைப் பரப்பு

அக்காலத்தில் நடைமுறையில் இருந்த 1909 ஆம் ஆண்டு அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, வெளியிடப்படும் படிகளில் உரிமையாளர் பெயரும் ஆண்டும் கொண்ட பதிப்புரிமைக் குறிப்பு இருத்தல் வேண்டும். இப்படத்தின் திரையரங்குப் படிகளில் அக்குறிப்பு இடம்பெறவில்லை. இதனால் படம் பொது உரிமைப் பரப்பைச் சேர்ந்தது. எவர் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் படியெடுக்கவும், ஒளிபரப்பவும், விற்கவும் முடிந்தது.

இதன் விளைவுகள் இரண்டு. முதலாவதாக, படத்தை எடுத்தவர்களுக்கு ஒளிபரப்புகளில் இருந்து பங்கு கிடைக்கவில்லை. இரண்டாவதாக, பின்னிரவு நேரத்தை நிரப்ப மலிவான படங்களைத் தேடிய உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையங்கள் இதனைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பின. பின்னர் வீடியோ நாடா விற்பனையாளர்களும் அவ்வாறே செய்தனர். உரிமை ஒரே நிறுவனத்திடம் முடங்கியிருந்தால், நட்டமடைந்த படத்தின் படிகளைப் புதுப்பிக்க அந்நிறுவனம் அக்கறை காட்டியிருக்கும் எனக் கூறுவதற்கில்லை. 1968 இல் வெளியான ஜார்ஜ் ரொமேரோவின் நைட் ஆஃப் த லிவிங் டெட் படமும், தலைப்பு மாற்றத்தின்போது பதிப்புரிமைக் குறிப்பு விடுபட்டதால் இதே நிலையை அடைந்தது.

மீள்வருகை

பின்னிரவில் தற்செயலாக இப்படத்தைக் கண்டவர்களில் பலர் தலைப்பைக் கூட அறியாமல் சில காட்சிகளை மட்டும் நினைவில் வைத்திருந்தனர். திகில் பட இரசிகர்கள் தமக்குள் பேசியும் நாடாக்களைப் பகிர்ந்தும் இதன் பெயரைப் பரப்பினர். 1989 இல் விடுபட்ட பகுதிகளுடன் படம் கலைத் திரையரங்குகளில் மறுவெளியீடு கண்டபோது, ரோஜர் ஈபர்ட் உள்ளிட்ட விமர்சகர்கள் பாராட்டி எழுதினர். ஹார்வி அப்போது உயிருடன் இருந்து தமது படம் மதிக்கப்படுவதைக் கண்டார். அவர் 1996 இல் காலமானார்.

1998 இல் இதே தலைப்பில் மறுவாக்கம் ஒன்று வெளிவந்தது. அது மூலப்படத்தின் மதிப்பைப் பெறவில்லை. கிரைட்டீரியன் நிறுவனம் மூலப்படத்தை 2000 இல் டிவிடியாகவும் 2016 இல் புளூ-ரே வட்டாகவும் வெளியிட்டது.

கருத்து வேறுபாடுகள்

இப்படத்தைப் பற்றி இரசிகர்களிடையே நீண்ட காலமாக நிலவும் விவாதங்களுள் சில பின்வருமாறு:

* முடிவு: மேரி தொடக்கத்திலேயே இறந்துவிட்டாள் என்பதைப் பார்வையாளர் எளிதில் ஊகித்து விடலாம் என்பது ஒரு சாராரின் குறை. முடிவு புதிராக அமைக்கப்படவில்லை, அவள் அதை உணர மறுப்பதே கதை என்பது மறு தரப்பின் விடை. அம்புரோஸ் பியர்ஸ் 1890 இல் எழுதிய ஆந்தை ஓடைப் பாலம் பற்றிய சிறுகதையுடன் இது பெரும்பாலும் ஒப்பிடப்படுகிறது.
* நடிப்பும் தொழில்நுட்பமும்: உரையாடல் ஒலி பல இடங்களில் உதட்டசைவுடன் பொருந்தவில்லை, துணை நடிகர்களின் பேச்சு செயற்கையாக உள்ளது. உலகிலிருந்து துண்டிக்கப்பட்ட ஒருத்தியின் கதைக்கு இக்குறைகளே வலுச் சேர்க்கின்றன என்பர் சிலர். வறுமையின் அடையாளத்தைக் கலை எனக் கொள்ளலாகாது என்பர் வேறு சிலர்.
* மேரியின் இயல்பு: மதப்பற்றோ காதல் நாட்டமோ இல்லாமல், தேவாலய இசையை வெறும் தொழிலாகக் கருதும் பெண்ணாக மேரி காட்டப்படுகிறாள். தனித்து வாழ விரும்பும் பெண்ணைச் சமூகம் எவ்வாறு நடத்துகிறது என்பதன் சித்திரமாகப் பிற்கால விமர்சகர் சிலர் இதனை வாசிக்கின்றனர். அண்டை அறையில் வசிக்கும் ஜான் லின்டன் இடைவிடாமல் தொந்தரவு செய்யும் காட்சிகள் இதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றன.

தாக்கம்

வெளிறிய முகங்களுடன் மெல்ல நெருங்கும் இறந்தோரின் தோற்றம் நைட் ஆஃப் த லிவிங் டெட் படத்திற்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது. டேவிட் லிஞ்சின் படங்களில் காணப்படும் கனவுத் தன்மையுடனும் விமர்சகர்கள் இதனை ஒப்பிடுவதுண்டு. ஹில்லிகாஸ் இதன்பின் 1964 இல் வெளியான தி கர்ஸ் ஆஃப் த லிவிங் கார்ப்ஸ் என்னும் திகில் படத்தில் நடித்தார். சிட்னி பெர்கர் ஹூஸ்டன் நகரில் நாடகப் பேராசிரியராகவும் அங்கு நடைபெறும் சேக்சுபியர் விழாவின் நிறுவனராகவும் அறியப்பட்டார்.

இவற்றையும் பார்க்க

* நைட் ஆஃப் த லிவிங் டெட்
* திகில் திரைப்படம்
* பொது உரிமைப் பரப்பு
* பெரும் உப்பு ஏரி