செம்பும் இரும்பும்

பொறியியல் பயிலப் புகும் மாணவர்க்குத் தொடக்கத்திலேயே இரசாயனமும் கற்பிக்கப்படுகின்றது. பாலமும் கப்பலும் கட்டப் போகிறவனுக்கு இரசாயனம் எதற்கு என வினவுவோர் பலர். அவ்வினாவுக்குரிய விடையைக் கப்பல்களின் வரலாற்றிலேயே காணலாம்.

மரக்கலங்கள் உலகை வலம்வந்த காலத்தில் அவற்றின் பெரும்பகை கப்பற்புழுவாகும். வெப்பக் கடல்களில் அது அடிமரத்தைத் துளைத்துச் சல்லடையாக்கிவிடும். பாசியும் ஓடுடைய சிற்றுயிர்களும் அடியில் அடர்ந்து விரைவைக் குறைக்கும். இவ்விரு தொல்லைகளையும் ஒருங்கே ஒழிக்கக் கருதிய ஆங்கிலக் கடற்படையினர், 1761-ஆம் ஆண்டில் 'அலாரம்' என்னும் போர்க்கப்பலின் அடியைச் செப்புத் தகட்டால் போர்த்தி, மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பினர்.

திரும்பிய கப்பலை 1763-இல் ஆராய்ந்தனர். செம்பு மூடிய மரத்தைப் புழு துளைக்கவில்லை. ஆயினும் செம்பைத் தொட்டிருந்த இரும்பாணிகள் அரித்துச் சிதைந்திருந்தன. வியப்பு யாதெனில், தகட்டைச் சுற்றியிருந்த பழுப்புத்தாள் ஆணிக்கும் செம்புக்கும் இடையே கிழியாது தங்கிய இடங்களில் இரும்பு கெடவில்லை! ஆணி அற்றால் பலகை பிரியும். நடுக்கடலில் பலகை பிரிந்தால் மாலுமிகளின் கதி என்னாகும்? எனவே, 1780-களில் இரும்பாணிகளுக்கு மாற்றாகச் செப்புக் கலவை ஆணிகள் புகுந்தன.

1800-இல் வோல்டா தம் மின்கல அடுக்கை வெளியிட்டபின் உண்மை துலங்கலாயிற்று. வேறுபட்ட இரு உலோகங்கள் தொட்டுக்கொண்டு உப்புநீரில் நின்றால் அதுவே ஒரு மின்கலம். இரும்பு எலெக்ட்ரான்களைச் செம்புக்கு ஈந்து, தான் கரைகின்றது. இடையில் நின்ற தாள் அவ்வழியை அடைத்தது.

இந்நெறியைத் திருப்பிப் பயன்படுத்தியவர் சர் ஹம்ப்ரி டேவி. செம்பும் கடல்நீரில் மெல்லக் கரைவதால், 1824-இல் அதனோடு இரும்பு அல்லது துத்தநாகத் துண்டுகளை இணைத்தார். துண்டுகள் கரைந்தன, செம்பு தப்பியது. அந்தோ! சிற்றுயிர்களை விரட்டியதோ கரைந்த செம்பின் நஞ்சேயாகும். அது நின்றதும் அவை மீண்டும் அடர்ந்தன. கடற்படை இம்முறையைக் கைவிட்டது. ஆயினும் டேவியின் நெறி வீண்போகவில்லை. இன்றைய எஃகுக் கப்பல்களின் அடியில் துத்தநாகக் கட்டிகள் தாம் கரைந்து எஃகைக் காக்கின்றன.

பழம்பாடம் எளிதில் மறக்கப்படவில்லை. 1886-இல் நியூயார்க்கில் திறக்கப்பட்ட சுதந்திரதேவி சிலையில், செப்பு மேனிக்கும் இரும்புச் சட்டத்துக்கும் இடையே அரக்குப் பூசிய கல்நார் வைக்கப்பட்டது. காலப்போக்கில் அக்காப்பு நைந்தது. இரும்பு துருவேறிப் பருத்தது. 1986-இல் முடிவுற்ற சீரமைப்பில் மேனியைத் தாங்கிய இரும்புப் பட்டைகள் துருப்பிடியா எஃகாக மாற்றப்பட்டன.

வலிமையும் விலையும் கணக்கிடும் பொறியியலார், எந்த உலோகம் எதனைத் தொடுகின்றது, எந்நீரில் நிற்கின்றது என்றும் கேட்டல் வேண்டும். அவ்வாறு கேட்கப் பழக்குவதே மாணவர்க்கு இரசாயனம் ஆற்றும் பணியாகும்.