குன்னூர் கற்பித்த உணவுப் பாடம்

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலேறிக் குன்னூரை அடைவோர் சிம்ஸ் பூங்காவைக் காணாமல் திரும்புவதில்லை. பூங்காவின் அருகே உள்ள பாஸ்டர் நிலையத்தையோ, பலர் வெறும் கட்டடமாகவே பார்த்துச் செல்கின்றனர். வெறிநாய்க் கடிக்கு மருந்தளிப்பதற்காக 1907ஆம் ஆண்டில் தோன்றிய நிலையம் அது. ஆயினும் அதன் அறையொன்றில் மற்றொரு பேராராய்ச்சியும் கருக்கொண்டது. மனிதன் எதை உண்டால் நலமாக வாழ்வான், எதை உண்டால் நலிவான் என்னும் ஆராய்ச்சியே அது. அவ்வறையின் வரலாற்றையே இன்று உங்களுடன் சேர்ந்து நினைத்துப் பார்க்க விரும்புகிறேன். மாணவ மாணவியரே, இது பழங்கதை போலத் தோன்றினும், இன்று காலை நீங்கள் உண்டதும் உண்ணாது விட்டதும் இக்கதையில் அடக்கம்.

1918ஆம் ஆண்டில் இராபர்ட் மெக்கரிசன் என்னும் மருத்துவர் குன்னூரில் பெரிபெரி நோய் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அவர் அயர்லாந்தில் பிறந்தவர். இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, வடமேற்கே கில்கிட் மலைநாட்டில் கழலை நோயை ஆராய்ந்தவர். உணவிலுள்ள உயிர்ச்சத்துக்களைப் பற்றி உலகம் அப்பொழுதுதான் அறியத் தொடங்கியிருந்தது. வைட்டமின் என்ற பெயரே 1912இல்தான் பிறந்தது. நோயென்றால் அதற்கொரு கிருமி இருக்கவேண்டும் என்று மருத்துவ உலகம் எண்ணியிருந்த காலம் அது. இல்லாத ஒன்றாலும் நோய் வரும் என்பதை ஏற்கப் பலருடைய மனம் இடந்தரவில்லை.

மெக்கரிசன் குரங்குகள் சிலவற்றுக்கு, அழுத்த நீராவியில் வேகவைத்து உயிர்ச்சத்து அழிக்கப்பட்ட அரிசியை உணவாக அளித்தார். வயிறு நிரம்பியது, உடலோ வாடியது. பசி குன்றிற்று; வயிற்றுப்போக்கு வந்தது; இரத்தம் வெளுத்தது. இறந்த குரங்குகளின் உடலைத் திறந்து நோக்கியபொழுது, இரைப்பையிலும் குடலிலும் அழற்சியும் புண்ணும் காணப்பட்டன. நல்லுணவு உண்ட குரங்குகளுக்கோ அக்கேடு நேரவில்லை. அழற்சி என்பது காயத்தையும் கிருமியையும் எதிர்த்து உடல் மூட்டும் தீ எனலாம். அளவோடு மூண்டு அணைந்தால் அது நம்மைக் காக்கும். அணையாது கனன்றால் நம்மையே தின்னும். சத்தற்ற உணவு அத்தீயை உள்ளே மூட்டக்கூடும் என்பதை மிக முற்பட்டுக் கண்ட இடங்களுள் குன்னூரும் ஒன்று.

பின்னர் அவர் வெள்ளெலிகளைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி செய்தார். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை அவ்வாறே சமைத்து, தனித்தனிக் கூட்ட எலிகளுக்கு அளித்து, அவற்றின் வளர்ச்சியை ஒப்பிட்டார். தவிடு நீக்காத கோதுமை ரொட்டியும் பாலும் வெண்ணெயும் பருப்பும் காய்கறியும் கொண்ட சீக்கியர் உணவை உண்ட எலிகள் சராசரி 235 கிராம் எடை பெற்றன. சென்னை மாகாணத்து உணவை உண்டவையோ 155 கிராமே எட்டின. ஏழு உணவுகளுள் நம் உணவுக்குக் கிடைத்தது கடைசி இடம்!

இதைக் கேட்டு வருந்துவதைவிட, ஏன் என்று கேட்பதே நன்று. அரிசி உண்டது குற்றமா? அன்று. இயந்திரத்தில் தீட்டித் தவிட்டையும் முளையையும் நீக்கி, எஞ்சியதைப் பலமுறை கழுவி, வடித்த கஞ்சியையும் கொட்டிவிட்டு, அச்சோற்றோடு பாலும் கீரையும் பயறும் மிகக் குறைவாக உண்டதே குற்றம். நெல்லைப் புழுக்கும் நம் பழைய வழக்கத்தால், தவிட்டின் உயிர்ச்சத்தில் ஒரு பகுதி அரிசியின் உள்ளே ஊறிவிடுகிறது. ஆதலால்தான் புழுங்கலரிசி உண்ட மக்களைப் பெரிபெரி அவ்வளவாகத் தீண்டவில்லை. எலி வேறு, மனிதன் வேறு என்பதையும் மறத்தலாகாது. எலியின் எடை மனித நலத்துக்கு முழு அளவுகோல் ஆகாது. எனினும், வயிறு நிறைவது வேறு, உடல் நிறைவது வேறு என்னும் உண்மை அதனால் விளங்கிற்று.

இவ்வரலாற்றில் ஒரு பெண்மணியின் பெயரும் பொறிக்கத்தக்கது. லூசி வில்ஸ் அம்மையார் 1888இல் இங்கிலாந்தில் பிறந்தவர்; கேம்பிரிட்ஜில் பயின்றவர். பெண்கள் தேர்வில் வென்றாலும் அப்பல்கலைக்கழகம் அவர்களுக்கு முழுப் பட்டம் அளிக்காத காலம் அது; 1948இல்தான் அந்நிலை மாறியது. அவர் 1928இல் பம்பாய்க்கு வந்து, பஞ்சாலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள் கருவுற்ற காலத்தில் கொடிய இரத்தசோகைக்கு இரையாவதை ஆராய்ந்தார். முதலில் கிருமியைத் தேடினார், அகப்படவில்லை. பிறகு அப்பெண்கள் உண்ட உணவைத் தேடினார். காயும் கனியும் புரதமும் அருகியிருந்த உணவு அது. குன்னூர் ஆய்வுக்கூடத்திலும் பம்பாயிலுமாக எலிகளையும் குரங்குகளையும் கொண்டு சோதித்தார். எலிகளுக்கு வந்த சோகை பேன் பரப்பிய தொற்றால் வந்ததென்று அறிந்து ஏமாற்றமும் உற்றார்; ஆனால் தளரவில்லை. இறுதியில், ஈஸ்டிலிருந்து செய்யப்படும் மார்மைட் என்னும் மலிவான சாறு அந்நோயைத் தீர்த்தது. 1931இல் அவர் அதை உலகுக்கு அறிவித்தார். அச்சாற்றில் மறைந்திருந்த சத்தைப் பத்தாண்டுகளுக்குப் பின்பு அறிஞர் பசலைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்து, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் போலிக் அமிலம் என்று பெயரிட்டனர். இன்று உலகெங்கும் தாய்மார்க்கு வழங்கப்படும் அம்மாத்திரையின் வரலாற்றில் நம் நீலகிரிக்கும் பங்குண்டு.

மெக்கரிசன் கண்ட அழற்சியும், வில்ஸ் அம்மையார் கண்ட சோகையும் இருவேறு நோய்களாகவே நெடுங்காலம் கருதப்பட்டன. இன்றைய அறிவியல் அவற்றிடையே ஓர் உறவைக் காட்டியுள்ளது. உடலில் அழற்சி கனன்றுகொண்டிருந்தால், கல்லீரல் ஹெப்சிடின் என்னும் பொருளை மிகுதியாகச் சுரக்கிறது. குடல் இரும்புச்சத்தை ஈர்க்கும் வழியை அது அடைக்கிறது. உண்ட உணவில் இரும்பு இருந்தும் இரத்தத்துக்கு அது சேர்வதில்லை. நார்ச்சத்துக் குறைந்து, கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவு பழக்கமாகிவிட்டால், குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்கள் வாடுகின்றன. உடலின் கொழுப்பு பெருகுகிறது. தணிந்த அழற்சி நீங்காது நிலைக்க இவை துணை செய்கின்றன. காய்ச்சலோ வலியோ இன்றியே இது நிகழக்கூடும் என்பதுதான் அஞ்சத்தக்கது.

இதனால் பெரிதும் இழப்பவர் இளம் பெண்களே. மாதந்தோறும் குருதியை இழக்கும் அவர்களுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. ஆடவர்க்கு 19 போதும். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினர்க்கும், தமிழ்நாட்டில் 53.4 விழுக்காட்டினர்க்கும் இரத்தசோகை உண்டென்று கூறுகிறது. வகுப்பறையின் ஒரு பலகையில் இருவர் அமர்ந்தால், ஒருவர்க்கு அந்நோய் என்பது இதன் பொருள். பாடத்தில் மனம் நில்லாமை, படியேறினால் மூச்சு வாங்குதல், காரணமற்ற சோர்வு ஆகியவற்றைச் சோம்பல் என்று பிறர் பழிப்பர். அம்மாணவியும் தன்னையே நொந்துகொள்வாள். குற்றம் அவளுடையதன்று, இரத்தப் பரிசோதனை ஒன்றே உண்மையைக் கூறிவிடும்.

இம்மலையில் காரட்டும் முட்டைக்கோசும் பீட்ரூட்டும் விளைந்து, லாரி லாரியாக மேட்டுப்பாளையம் சந்தைக்கு இறங்குகின்றன. அதே மலையில், காலையில் தேநீரும் ரொட்டித்துண்டும் மட்டும் கொண்டு கல்லூரிக்குப் பேருந்தேறும் பெண்கள் உண்டு. வீட்டில் ஆடவரும் குழந்தைகளும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் தாய்மாரும் உண்டு. தேநீர் நம் மலையின் பெருமை. ஆனால் உணவோடு சேர்த்துப் பருகினால், அதிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாது. ஒருமணி நேரம் கழித்துப் பருகினால் அக்கேடு குறையும். கீரையோடும் பயற்றோடும் சிறிது எலுமிச்சஞ்சாறோ நெல்லிக்கனியோ சேர்ந்தால் இரும்பு எளிதில் உட்செல்லும். படுகர் முன்னோர் பயிரிட்டுண்ட சாமையும் கேழ்வரகும், அவரையும் கீரையும் விலையுயர்ந்த மருந்துகள் அல்ல. நாம் மறந்துபோன உணவுகளே. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன்: அழற்சிக்குத் தொற்றுநோயும் உறக்கக் குறைவும் கூடக் காரணமாகலாம். ஆகவே சோர்வு நீடித்தால் உணவை மட்டும் நம்பியிராது மருத்துவரை நாடுதல் வேண்டும்.

அந்த ஒற்றை அறையில் தொடங்கிய ஆராய்ச்சி 1928இல் ஊட்டவுணவு ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. மெக்கரிசன் 1935இல் ஓய்வுபெற்றபின், வாலஸ் அய்க்ராய்டு தலைமையில் நம் நாட்டு உணவுகளின் சத்துக்களைக் கணக்கிட்டு நூலாக்கிற்று. 1958இல் ஐதராபாத்துக்குச் சென்று, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயர் பெற்றது. ஆய்வுக்கூடம் மலையிறங்கிச் சென்றுவிட்டது. அது கற்பித்த பாடம் இங்கேயே தங்கட்டும். நாளைக் காலை கல்லூரிக்குப் புறப்படுமுன், நம் வீட்டுப் பெண்மக்களின் தட்டில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்ப்போமாக. அதுவே அப்பாடத்தைக் கற்றதற்கு அடையாளம்.